தாள் சொல்லும் தூக்கம்

"தலைய ஆட்டாதீங்க சார். ஆட்டினா மொதல்லேர்ந்து அளக்கணும்."

அளவு நாடாவின் ஒரு முனை என் மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்தில் இருக்கிறது. மறுமுனை, பிடரியில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் இடத்தில். முப்பத்தைந்தரை சென்டிமீட்டர். அதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பத்துப் பங்காக வகுத்து, சிவப்புப் பென்சிலால் என் மண்டையில் புள்ளி வைக்கிறார். அடுத்து காதிலிருந்து காதுக்கு. அடுத்து சுற்றளவு. சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான் எல்லாம் நடக்கும். கடைசியில் தைப்பதற்குப் பதிலாக இருபத்திரண்டு ஒயர்களை ஒட்டிவிட்டுப் போவார்.

ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஒயரம்மா என்றே பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கலாம், நான் கேட்டதில்லை. நாற்பத்தெட்டு வயது, குள்ளமான உருவம். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஆளின் உச்சந்தலை எட்டாது என்பதால் ஒரு மர முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டே அறைக்கு அறை போவார். தூக்க ஆராய்ச்சிப் பிரிவில் இரண்டே அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலை முழுக்க மூடிய கறுப்புத் திரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை, அதில் இரண்டு கணினித் திரைகள். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழு வரை அங்கே உட்கார்ந்து, அடுத்தவர் தூங்குவதைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. பதினேழு வருஷமாகப் பார்க்கிறார்.

ஒயர் ஒட்டும் பசை பற்பசையைவிடக் கெட்டியானது. தலைமுடியில் ஏறினால் லேசில் இறங்காது. ஒயரம்மாவின் வலது கட்டைவிரல் நகத்துக்கடியில் அது எப்போதும் கொஞ்சம் காய்ந்து கிடக்கும். எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "தலைக்கு எண்ணெய், நெத்திக்கு பவுடரு. என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க? போய் சோப்பு போட்டுட்டு வாங்க" என்று ஒரு வங்கி மேலாளரையே குளியலறைக்கு விரட்டியதை நான் பார்த்தேன். வழுக்கைத் தலைகளிடம் தனிப் பிரியம். "உங்கள மாதிரி பத்துப் பேர் வந்தா போதும் சார், எட்டு மணிக்குள்ள வேலைய முடிச்சிடுவேன்" என்பார் என்னிடம். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. தலைகள்தான் நிற்கும். ஒருநாள் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒயரம்மாவிடம் நானாக வணக்கம் வைத்தேன். யாரோ என்று பார்த்தார். தொப்பியைக் கழற்றினேன். "அட, ஐம்பத்தெட்டு" என்று முகமெல்லாம் மலர்ந்துவிட்டார். என் மண்டையின் சுற்றளவு அது. அப்புறம் வழியெல்லாம், தூங்கி வழிந்துகொண்டிருந்த பயணிகளை எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். "அந்த நீலச் சட்டைக்கு மேல்தூக்கம். எறங்க வேண்டிய எடம் வந்தா தானா முழிச்சிப்பாரு. பின்னாடி தாடிக்காரர் இருக்காரே, அது அடித்தூக்கம். டெப்போவுலதான் எழுப்பி விடுவாங்க."

மேல்தூக்கம், அடித்தூக்கம் என்பதெல்லாம் அவர் வைத்த பெயர்கள். டாக்டர்கள் எண் போட்டுச் சொல்வார்கள். கண் அசந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூளை நிதானத்துக்கு வந்து, திரையில் கோடுகள் பெரிது பெரிதாய், மெதுமெதுவாய் எழுந்து விழுமாம். அந்த நேரத்தில் கட்டிலைத் தூக்கி வெளியே வைத்தாலும் ஆளுக்குத் தெரியாது. உடம்பும் மனசும் தங்களைச் சரிபார்த்துக்கொள்வது அப்போதுதான் என்பது ஒயரம்மாவின் நம்பிக்கை. மனச்சோர்வு நோய் பிடித்த பலருக்கு முதலில் திருட்டுப்போவது இந்தத் தூக்கம்தான். தூக்கம் போனதால் மனம் இன்னும் சோரும், மனம் சோர்ந்ததால் தூக்கம் இன்னும் போகும்.

எனக்கு அப்படித்தான் போயிற்று. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். ஒரு வருஷ காலம் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் என்ன படித்தேன் என்பது தெரியாமல் இருந்தேன். குளிக்க எழுந்திருப்பது மலையைப் புரட்டுவதாக இருந்தது. விடிகாலை மூன்றரை மணிக்கு, யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு வரும். அப்புறம் கூரையோடுதான் பேச்சு. மாத்திரைகளால் பகல் கொஞ்சம் தேறியது, இரவு தேறவில்லை. அப்போதுதான் பெரிய டாக்டர் இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். மாலையில் அரைமணி நேரம் நெற்றியில் மிக மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால் அன்றிரவு அந்தப் பெரிய அலைகள் கூடுமா என்று பார்க்கப்போகிறார்கள். கூடும் என்று அவர் சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னார். என்னிடம் கையெழுத்துக் கேட்ட படிவத்தில் நான்கு பிழைகள் இருந்தன, திருத்திக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து மாலைகள். ஈரப் பஞ்சு இரண்டு, ரப்பர்ப் பட்டை ஒன்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அவ்வளவுதான் சாமான். ஆரம்பத்தில் நெற்றியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. பாதிப் பேருக்கு நிஜப் பெட்டி, பாதிப் பேருக்குக் கொஞ்ச நேரம் எறும்பு ஊரவிட்டுத் தானாக அணைந்துவிடும் டம்மிப் பெட்டி. யாருக்கு எது என்பது ஆராய்ச்சி முடிந்து, பட்டியல் இருக்கும் உறையைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியக் கூடாது. நான் ஒயரம்மாவின் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். தெரியாம இருக்கறதுதான் நல்லது. தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

அது உண்மை. அவருடைய முகம் எதையும் மறைத்துவைக்கத் தெரியாத முகம்.

அந்த அரைமணி நேரமும் ஒயரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. தூங்கவும் கூடாது, படிக்கவும் கூடாது. வேறு வழியில்லாமல் இருவரும் பேசிக்கொண்டோம். நானாகப் பேசுகிற நிலையில் அப்போது இல்லை, அவர்தான் பேசினார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பற்றி. பகலில் தூங்குவதற்காகப் படுக்கையறைக் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியதையும், அக்கம்பக்கத்தார் அவர் புகைப்படம் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டதையும் பற்றி. வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் ஒரு வரிக்கு மேல் வராது. "அவரு லிப்ட்டு மெக்கானிக்கு. இப்ப லீவுல இருக்காரு" என்பதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஆராய்ச்சியில் மூன்று இரவுகள் அங்கேயே படுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒன்று, மூன்று வாரம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்துக் கடைசியாக ஒன்று. முதல் இரவு முழுக்க நான் பொட்டுத் தூக்கம் இல்லாமல் புரண்டேன். காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு சிரித்த முகமாய் வந்தார் ஒயரம்மா.

"தூக்கமே இல்லம்மா" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க. நாலு மணி நேரம் முப்பத்தஞ்சு நிமிஷம் தூங்கியிருக்கீங்க. தாள் சொல்லுது பாருங்க." ஓர் இரவு முழுவதையும் ஒரே பக்கத்தில் படிக்கட்டு மாதிரி வரைந்து வைத்திருந்த தாளை என் மடியில் வைத்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மேலோட்டமாகத் தூங்குகிறவர்கள் அதைத் தூக்கம் என்றே உணர்வதில்லை என்று டாக்டரும் பிற்பாடு விளக்கினார். ஆனால் அந்தக் காலையில் எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. ஒரு வருஷமாக எதற்குமே கோபம் வராதவன் நான்.

"தாள் தூங்கிச்சா, நான் தூங்கினேனா?" என்று கேட்டேன். "ராத்திரி பூரா நான் பட்டது எனக்குத் தெரியும். அதையும் இல்லன்னு சொல்லிட்டா நான் எங்கதான் போறது?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தாளை எடுத்துக்கொண்டார். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு பெண்மணியைக் காலங்காத்தாலே கடிந்துகொண்டோமே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு உறுத்தலாக இருந்தது.

இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை பஞ்சை நனைத்து என் நெற்றியில் கட்டிவிட்டு, பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எறும்புகள் ஊர்ந்து அடங்கின. அப்புறம் அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்குக் காலையில நீங்க கேட்டீங்களே சார், அதையேதான் எங்க வீட்டுக்காரரும் கேட்டாரு. வேற மாதிரி கேட்டாரு, எனக்குத்தான் காதுல விழல."

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் இவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது, இரவெல்லாம் தூக்கமே இல்லை என்றிருக்கிறார் கணவர். படுக்கை கசங்கியிருந்தது, கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு இருந்தது. இவருக்கா தெரியாது. "எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க" என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மறுநாளும் அதே பேச்சு, அதே பதில். ஒரு வாரம், ஒரு மாதம். ஒரு கட்டத்தில் கணவர் சொல்வதை நிறுத்திவிட்டார். சரியாகிவிட்டது என்று ஒயரம்மா நினைத்துக்கொண்டார். தூக்கத்தைப் பற்றிய பேச்சை மட்டுமல்ல, எல்லாப் பேச்சையுமே கணவர் நிறுத்திவிட்டார் என்பது உறைக்க வெகு நாளாயிற்று. அதுவும் மகள் போனில் சொல்லித்தான் தெரிந்தது. "அப்பா ம் மட்டும்தான் சொல்றாரும்மா."

பிறகு ஒருநாள், பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிப்ட் பழுது பார்க்கப் போனவர், லிப்ட் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தவர், இரண்டு மணி நேரம் இறங்கவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. விளக்கடித்துப் பார்த்தால் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். திருகாணிச் சாவி கையில் இருக்கிறது. கீழே ஒன்பது மாடி ஆழம். கட்டிடக் காவலாளி ஒயரம்மாவுக்கு இருபத்தாறு தடவை போன் செய்திருக்கிறார். இரவு வேலை முடித்து வந்து, கறுப்புத் தாள் ஒட்டிய அறையில், போனை ஊமையாக்கிவிட்டு இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"நானு சார். ஊரு ஒலகமெல்லாம் தூங்குதா தூங்கலையான்னு பாக்கறவ."

கடைசியில் உடன் வேலை செய்பவர் ஒருவர் ஏறிப்போய்க் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தாராம். ஏன் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அசதியா இருந்துச்சு. எங்கயும் இவ்வளவு அமைதியா இல்ல" என்றாராம். அன்றோடு வேலைக்கு விடுப்பு. வேறொரு மருத்துவமனையில் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறார். இங்கே வாங்க என்று இவர் தலைகீழாக நின்றும் அவர் மசியவில்லை.

"அவரு என்ன சொன்னார் தெரியுமா சார்? 'நான் வந்து படுப்பேன். காலையில நீ தாளத் தூக்கிட்டு வந்து, நல்லாத்தானே தூங்கினீங்கன்னு சொல்லுவே. அப்புறம் என்கிட்ட என்ன மிஞ்சும்?'"

பெட்டியில் நேரம் முடிந்து மணி அடித்தது. ஒயரம்மா பஞ்சை எடுத்து என் நெற்றியைத் துடைத்துவிட்டார். அந்த மனிதர் எதற்குப் பயப்படுகிறார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. நோயைவிட, நோய் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். அதுவும் கட்டிய மனைவி, கையில் அத்தாட்சியோடு.

மூன்று வாரம் முடிந்து இரண்டாவது தடவை அங்கே படுத்தபோது, காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒயரம்மா வெறுங்கையோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார். ராத்திரி எப்படி இருந்துச்சு?"

நான் சொன்னேன். மூன்றரைக்குப் பதில் நாலே முக்காலுக்கு விழித்ததை, எழுந்தபோது வாய் கசக்காததை. நடுவில் ஒரு கனவு வந்ததை, ஆனால் அது என்ன என்பது நினைவில்லாததை. எல்லாவற்றையும் சட்டைப்பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் என் வார்த்தைகளிலேயே எழுதிக்கொண்டார். தாளை நான் கேட்ட பிறகுதான் கொண்டுவந்து காட்டினார். அடித்தூக்கம் கூடியிருந்தது. நிஜப் பெட்டியா டம்மிப் பெட்டியா என்பது இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும், அடுத்த வாரம் நாற்பது பக்க மெய்ப்பு ஒன்றை ஒரே மூச்சில் படித்தேன்.

அதுமுதல் எல்லா நோயாளிகளிடமும் ஒயரம்மாவுக்கு இதே பழக்கம். முதலில் கேள்வி, பிறகுதான் தாள். தாளின் ஓரத்தில் "நாய் குரைத்ததாகச் சொன்னார்", "செத்துப்போன அண்ணன் வந்தாராம்", "ராத்திரி பூரா சண்டை போட்ட மாதிரி களைப்பு" என்றெல்லாம் எழுதிச் செருகிவைப்பார். "என்னம்மா இது, அறிக்கை கேட்டா தொடர்கதை எழுதறீங்க" என்று பெரிய டாக்டர் அலுத்துக்கொண்டாராம். "நீங்க படிக்காட்டி போங்க டாக்டர், நான் படிக்கறேன்" என்று இவர் சொல்லிவிட்டாராம். டாக்டர் படிக்கிறார் என்று கேள்வி.

வீட்டிலும் அதையே செய்ததாகப் பிறகு பேருந்தில் பார்த்தபோது என்னிடம் சொன்னார். காலை ஏழே முக்காலுக்கு வீடு போய்ச் சேர்ந்ததும், காலணியைக் கழற்றும் முன்பே கணவரிடம் கேள்வி. முதல் இரண்டு வாரம் அவர் பதிலே சொல்லவில்லையாம். பிறகு ஒருநாள், "மூணு தரம் மணி பாத்தேன்" என்றார். "சரிங்க" என்றாராம் இவர். அவ்வளவுதான். "அந்த சரிங்கவ சொல்ல எனக்கு என்ன பாடு தெரியுமா சார். நாக்கு நுனியில வந்து நிக்கும், மூணு தரம் பாத்தா நடுவுல தூங்கியிருக்கீங்கன்னு. பல்லக் கடிச்சுக்குவேன்." பதினேழு வருஷத்துப் பழக்கத்தை முழுங்கிய பெண்மணியைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வந்தன.

மூன்று மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு காலையில் கணவர் தானாகவே கேட்டிருக்கிறார், அந்தப் பெட்டி ஆராய்ச்சிக்கு இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்று. ஒரே ஒரு நிபந்தனை. "நீ என் திரையப் பாக்கக் கூடாது." சொந்தக்காரர்களுக்கு ஒயர் ஒட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலும் விதி இருந்தது. அதனால் மாலைகளில் அவருக்குப் பெட்டி கட்டவும் இரவுகளில் அவர் திரையைப் பார்க்கவும் பகல் டூட்டியிலிருந்த இன்னொரு அம்மாள் ஒத்துக்கொண்டார். அந்த அம்மாள் பருமனானவர், நல்லவர். மனசில் இருப்பது வாய்க்கு வர அரை நொடிகூட ஆகாதவர்.

என் ஆறாம் மாத இரவும் லிப்ட்காரரின் மூன்றாம் வார இரவும் ஒரே தேதியில் அமைந்தன. எனக்கு அறை ஒன்று, அவருக்கு அறை இரண்டு.

தலை நிறைய ஒயரும், பின்னால் குதிரைவால் போலக் கட்டிய கட்டுமாக நடைவழியில் நின்றிருந்தபோதுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன். ஒல்லியாக, உயரமாக, சொந்தத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவர் தலையிலும் ஒயர். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், வேறென்ன செய்வது.

"இங்க லிப்ட்டு மூணாவது மாடியில அரை இஞ்சு ஏறி நிக்குது. கவனிச்சீங்களா?" என்றார்.

"இல்லையே."

"ஒருநாள் யாராவது தடுக்கி விழுவாங்க. சொல்லணும்." கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கு தூக்கம் வருதா?" என்றார்.

"இப்ப பரவால்ல. உங்களுக்கு?"

"தெரியல." நடு அறையின் கதவைப் பார்த்தார். "அவளுக்குத்தான் இன்னைக்கு கஷ்டம். கண்ண கட்டி வச்சிருக்கோம்."

அந்த அறையில் இரண்டாவது திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, பகல் டூட்டி அம்மாளின் நாற்காலியையும் அந்தப் பக்கமாகப் போட்டிருந்தார்கள். ஒயரம்மா என் திரைக்கு முன்னால், பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல, அக்கம்பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

இரவு ஒரு மணிக்கு எனக்குச் சிறுநீர் முட்டியது. ஒயர்க் கட்டைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட ஆள் வேண்டும், மணியை அழுத்தினேன். ஒயரம்மா வந்து கழற்றிவிட்டு, நடைவழி வரை கூடவே வந்தார். நடு அறைக் கதவிடுக்கில் பகல் டூட்டி அம்மாளின் முகம் தெரிந்தது.

"அக்கா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று கிசுகிசுத்தார். "மொதல் நாள்ல ஒண்ணுமே இல்ல. இப்ப பெரிசு பெரிசா வருது. முக்கா மணி நேரமா வருது. நான் இந்த மாதிரி பாத்ததே இல்ல."

ஒயரம்மா நின்றுவிட்டார். இரண்டே எட்டு எடுத்துவைத்தால் பார்த்துவிடலாம். இரண்டு வருஷமாக எதற்காக ஏங்கினாரோ அது அந்தச் சுவர்ப் பக்கத்துத் திரையில் எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அவருடைய கை தன் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கியது. முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

"வேணாம்டி" என்றார். "நான் பாத்தா காலையில அவருக்குத் தெரிஞ்சிடும். நீ எழுப்பிடாம இரு, அது போதும்."

நான் திரும்பி வரும்போது அவர் அறை இரண்டின் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். வேகமாகத்தான் தாண்டினார். படுத்த பிறகு எனக்கு அவரை நினைத்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒயரின் ஒட்டு ஈரமாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு என் விளக்கு எரிந்தது. ஒயரம்மா என் தலையிலிருந்து ஒயர்களைக் கழற்றினார், ஆனால் கவனம் என் தலையில் இல்லை. கேள்வி கேட்கவும் மறந்துவிட்டார். அடுத்த அறையில் விளக்கு போடும் சத்தம் கேட்டதும் ஒரு ஒயரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். அந்த ஒயர் காதோரம் தொங்க நானும் பின்னால் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லைதான், ஆனாலும் என் அறையில் இருக்க முடியவில்லை.

லிப்ட்காரர் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பகல் டூட்டி அம்மாள் ஒயர்களைக் கழற்றி முடித்திருந்தார். தலையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பசைத் திட்டு. கன்னத்தில் தலையணையின் மடிப்புக் கோடு ஆழமாகப் பதிந்திருந்தது. அந்தக் கோட்டை நான் பார்த்தேன். ஒயரம்மாவும் பார்த்தார்.

"எப்படிங்க இருந்துச்சு ராத்திரி?" என்று கேட்டார்.

அவர் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுவது எனக்கே தெரிந்தது.

"எங்க தூங்கினேன்" என்றார் மெதுவாக. "புரண்டுட்டேதான் கெடந்தேன். தூக்கமே இல்ல."

"என்னண்ணே சொல்றீங்க," பகல் டூட்டி அம்மாளுக்கு வாய் நிற்கவில்லை. படிக்கட்டுப் படம் போட்ட தாள் கையிலேயே இருந்தது. "இதப் பாருங்க, நீங்க ராத்திரி..."

ஒயரம்மா அந்தத் தாளை வாங்கினார். அதைப் பார்க்காமலேயே நான்காக மடித்துப் பகல் டூட்டி அம்மாளின் கையில் திருப்பி வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"சரிங்க" என்றார் கணவரிடம்.

பிறகு குழாயில் வெந்நீர் பிடித்து, துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார். நோயாளிகளின் தலையை அவர் கழுவிவிடுவதில்லை, அவரவரே குளியலறையில் கழுவிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே வழக்கம். கணவருக்கு எதிரே நின்றார். கட்டில் உயரம், ஆளும் உயரம், ஆனாலும் முக்காலியைத் தேடவில்லை. இடது கையால் அவர் பிடரியைப் பிடித்துத் தலையைத் தன் பக்கமாகத் தாழ்த்திக்கொண்டார். ஈரத் துண்டால் நெற்றியோரம் ஒரு திட்டு, காதுக்கு மேல் ஒரு திட்டு, உச்சியில் ஒன்று. அவசரமே இல்லாமல், முடியைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தார். கணவரின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த கை விலகி மடியில் விழுந்தது. தலை மெல்லச் சரிந்து ஒயரம்மாவின் தோளில் போய்ப் பதிந்தது. மூச்சு நீண்டது.

துண்டு பிடித்திருந்த கை நடுவழியில் நின்றுவிட்டது. துண்டிலிருந்து நீர் சொட்டி அவர் முழங்கையில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையை மட்டும் லேசாகத் தூக்கி, விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி எங்கள் இருவருக்கும் சைகை காட்டினார்.